ஒரு சொல்லை மாற்றிய தூதர்

“செத்துப்போனவரா, காணாமல் போனவரா? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ.”

சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, நான் பராமரித்த முதியவர் கேட்டார். காலை பத்து மணி இருக்கும். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தொண்ணூறு வயது தாண்டியும், வெளியே போகாத நாளிலும், கழுத்துப்பட்டி கட்டாமல் அவர் காலைக் கோப்பி குடித்ததில்லை. அடுப்பில் கோப்பிப் பாத்திரம் சீறிக்கொண்டிருந்தது. என் கையில் கொழும்பிலிருந்து வந்த கடிதம். என் கணவர் அருளப்புவுக்கு இத்தாலிக்கு வர விசா இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அவருக்குக் கண் மங்கிப்போயிருந்தது. அதனால் நான்தான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவரோ நிமிர்ந்து இருந்து, இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். குரல் மாறிவிட்டது. நான்கு வருடம் அவரைப் பராமரித்த எனக்கு அந்தக் குரல் புதிது.

“உங்கடை முதல் புருசன் எங்கை?”

“தெரியாது சிஞ்ஞோரே. முந்தியே சொல்லியிருக்கிறனே.”

“ஆனா மரணச் சான்றிதழ் குடுத்திருக்கிறீங்கள். மரணம் எங்கை நடந்தது?”

“தெரியாது.”

“எப்பிடி?”

“தெரியாது.”

அதற்குப் பிறகுதான் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அடுப்பை அணைத்தேன். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கதிரையில் போட்டேன். வீட்டுச் செருப்போடு மூன்று மாடிப் படிகளையும் இறங்கித் தெருவுக்குப் போய்விட்டேன்.

நாங்கள் கதைத்தது இத்தாலியனில்; ‘சிஞ்ஞோரே’ என்றால் ஐயா, ‘சிஞ்ஞோரா’ என்றால் அம்மா. ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் மன்னார்ப் பேச்சாகவே கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கால்சாவில் ஓர் அமெரிக்கர்

அவரது உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆல்டன் என்று வைத்துக்கொள்வோம். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், கால்சா என்ற பழைய பகுதியில், அவர் கட்டடத்துக் காவலாளி முதல் கீழே பேக்கரியில் பாண் விற்பவர் வரை எல்லோருக்கும் அவர் ‘அம்பாஷியாத்தோரே’. தூதர் என்று அர்த்தம். வேலைக்குப் போன முதல் நாள் அதை ஒரு பட்டப்பெயர் என்றே நினைத்தேன். உண்மையாகவே இரண்டு நாடுகளில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது எங்கள் பங்குக் கோவிலில் பழக்கமான ஒரு பெண். “கிழவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம், றெஜினா. நீ பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனிதானே” என்றாள். மன்னாரில் ஆறு வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். பலேர்மோவில் பதினைந்து வருடம் தரை துடைத்த பிறகு, அந்தப் படிப்பு முதல் தடவையாக ஒரு வேலையைத் தேடித் தந்தது.

காலையில் பத்திரிகை வாசிப்பேன். மத்தியானம் சமைப்பேன். பின்னேரங்களில் அவர் கதை சொல்வார்.

கடலே கண்டிராத ஊரில் பிறந்தவர். சுற்றிவரச் சோளத் தோட்டங்கள். தகப்பன் ஆணி, பூட்டு, கலப்பைப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். படித்து, பரீட்சை எழுதி, வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. முதலில் அனுப்பிய இடம் பலேர்மோ. பெரிய போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. குண்டு விழுந்த வீடுகள் கால்சாவில் இன்னும் வாய் திறந்தபடி நின்றனவாம். அமெரிக்காவுக்குப் போக விரும்பிய சனங்கள் விடியற்காலையிலிருந்தே துணைத்தூதரக வாசலில் வரிசையில் நின்றார்கள். விசா யன்னலுக்கு உள்ளே இருந்து ஓம், இல்லை என்று சொல்வதுதான் இவரது வேலை.

“ஒரு நாளைக்கு எத்தினை பேருக்கு இல்லையெண்டு சொன்னனீங்கள்?” என்று ஒரு முறை கேட்டேன்.

“எண்ணேல்லை. எண்ணியிருந்தா அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்க மாட்டன்.”

றோசாலியாவின் மொழிபெயர்ப்பு

அந்த யன்னலில் அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க இருந்தவள்தான் றோசாலியா. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி செய்து விற்பவரின் மகள். இவர் ஆங்கிலத்தில் “மறுக்கப்பட்டது” என்பார். அவள் அதைச் சிசிலியனில் சொல்வாள். சனங்களும் தலையாட்டிக்கொண்டு அமைதியாகப் போவார்கள். சிசிலிக்காரர் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று தகப்பனுக்குக் கடிதம்கூட எழுதினாராம்.

வசந்தம் வந்ததும் அந்தச் சனங்கள் எல்லோரும் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். விசாரித்துப் பார்த்தால், றோசாலியா ஒருவருக்குமே ‘இல்லை’ என்று சொல்லியிருக்கவில்லை. “குளிர் போகட்டும், பிறகு வாங்கோ” என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அவளோடு பெரிய சண்டை பிடித்தாராம். சண்டை காதலாக மாறியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பெண்ணைக் கலியாணம் செய்ய விரும்பும் அதிகாரி, அனுமதி கேட்கும் கடிதத்தோடு தன் இராஜினாமாக் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். மேலிடத்துக்குப் பிடித்தால் முதலாவது ஏற்கப்படும். பிடிக்காவிட்டால் இரண்டாவது. ஆல்டன் இரண்டையும் அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தார். ஏன் இந்தப் பெண் என்று கேட்டதற்கு ஏழு பக்கத்தில் பதில் எழுதினாராம்.

“ஏழு பக்கத்திலையும் என்னத்தை எழுதினீங்கள்?”

“அவள் நேர்மையானவள் எண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “வரிசையில நிண்ட சனங்களைப் பற்றி எழுதேல்லை.”

பிறகு முப்பது வருடம் இருவரும் நாடு நாடாகப் போனார்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தொலைபேசியே கேளாத ஓர் ஆப்பிரிக்கத் தலைநகரம். நெல் வயல்களுக்கு நடுவே விமானத்தளம் இருந்த ஓர் ஆசிய நாடு. இடையில் தென்னமெரிக்காவில் ஒரு நாடு. அதைப் பற்றி மட்டும் அவர் பேசவே மாட்டார். ஓய்வு பெற்றதும் றோசாலியாவின் ஊருக்கே வந்தார்கள். அவள் இறந்து பல வருடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை.

அருளப்பு சொன்ன பதில்

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் முதல் கணவர் சேவியர். போர் நடந்த காலத்தில் ஒரு நாள் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனார். ஆளும் திரும்பவில்லை, சைக்கிளும் திரும்பவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. முகாம்களிலும் அலுவலகங்களிலும் அவரது படத்தைக் காட்டிக் காட்டி, படத்தின் மூலைகள் உருண்டுபோயின. விசாரணை ஆணையங்கள் வந்தன, எழுதிக்கொண்டு போயின. ஒவ்வொரு படிவத்திலும் ‘காணாமல் போனவர்’ என்றே எழுதினேன். மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று உறவினர்கள் சொன்னபோது அவர்களோடு பேச்சை நிறுத்தினேன்.

அருளப்பு படகு எஞ்சின் திருத்துபவர். மனைவியை நோயில் பறிகொடுத்தவர். நான் விடுமுறைக்கு ஊர் போனபோது என் அக்கா வீட்டுத் தண்ணீர்ப் பம்பைத் திருத்த வந்தார். அதிகம் கதைக்காத மனிதர். அடுத்த முறை போனபோதும் பம்ப் பழுதாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை, “நாங்கள் கலியாணம் செய்வமோ?” என்று நானே கேட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது.

கலியாணம் செய்வதென்றால் சேவியர் இறந்துவிட்டார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். பேனையை வைத்துவிட்டு வெளியே வந்து, மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் சத்தி எடுத்தேன். அருளப்பு தண்ணீர் வாங்கி வந்து தந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கணவரை இங்கே அழைப்பதற்கான அனுமதி பலேர்மோவில் கிடைத்துவிட்டது. கொழும்பில் விசா நேர்காணலில்தான் எல்லாம் நின்றது. ஏன் இந்தப் பெண்ணைக் கலியாணம் செய்தீர்கள் என்று அருளப்புவிடம் கேட்டிருக்கிறார்கள்.

“அவ கேட்டவ. நான் ஓம் எண்டனான்” என்று சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். சேவியரின் சான்றிதழில் இறந்த இடமும் இல்லை, காரணமும் இல்லை. கலியாணப் படங்களும் நான்கே நான்கு. இது உண்மையான திருமணமாகத் தெரியவில்லை என்று எழுதி மறுத்துவிட்டார்கள்.

மேசைக்குத் திரும்பியபோது

அன்று காலை கடற்கரைப் புல்வெளியில் வெகுநேரம் நடந்தேன். ஒரு நாய் என் செருப்பை மணந்துவிட்டுப் போனது. அந்த வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். ஆனால் அவருக்கு மத்தியான மாத்திரை கொடுக்க வேண்டும். இந்த வேலையில் கோபித்துக்கொண்டு போவதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரும்பிப் போனபோது அவர் அதே கதிரையில் இருந்தார். கோப்பி ஆறிப்போயிருந்தது.

“இருங்கோ, சிஞ்ஞோரா” என்றார். “நான் கேட்டது பிழை. அந்தக் கேள்வியை உங்களிட்டைக் கேக்கிற தகுதி எனக்கு இல்லை.”

நான் மாத்திரையை எடுத்து வைத்தேன். கதிரையில் இருக்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தென்னமெரிக்க நாட்டைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னார். பெயரைச் சொன்னார். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. இவர் அரசியல் விவகாரங்களைக் கவனித்து மேலிடத்துக்குத் தந்தி எழுதும் அதிகாரி. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இவரைத் தேடி வந்தாள். பெயர் மரியேலா. தன்னைத் தேடுகிறார்கள், உதவி வேண்டும் என்றாள். திங்கட்கிழமை வரச் சொன்னார். சனிக்கிழமை அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு பாதிரியார் வந்து, ஆற்றங்கரையில் பதினொரு பேரைச் சுட்டுப் புதைத்ததைப் பார்த்ததாகச் சொன்னார். மரியேலாவையும் அதில் அடையாளம் கண்டிருந்தார்.

“பதினொரு பேர் கொல்லப்பட்டார்கள் எண்டு எழுதினன். பேரும் எழுதினன். மேலதிகாரி வாசிச்சுப்போட்டு, ‘நீர் உடம்புகளைக் கண்ணால கண்டனீரோ?’ எண்டு கேட்டார். இல்லை எண்டன். ‘அப்ப காணாமல் போனார்கள் எண்டு மாத்தும்’ எண்டார்.”

“மாத்தினீங்களோ?”

“ஓம்.”

“வெருட்டினவரோ?”

“இல்லை. மரியாதையாத்தான் கேட்டவர். ஒரு சொல்லுத்தானே எண்டு மாத்திப்போட்டன்.” கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “அடுத்த வருசம் எனக்குப் பதவி உயர்வு. அதுக்குப் பிறகு தூதர். அந்தத் தந்தியைக் கன காலத்துக்குப் பிறகு எங்கடை அரசாங்கம் வெளியில விட்டது. அங்கை வழக்கு நடக்கேக்கை, சுட்ட ஆக்களின்ரை வக்கீல் அதைத் தூக்கிக் காட்டினவனாம். ‘பாருங்கோ, அமெரிக்காக்காரனே காணாமல் போனதெண்டுதான் எழுதியிருக்கிறான்’ எண்டு. பேப்பரில வாசிச்சனான். றோசாலியாவுக்குச் சொல்லேல்லை.”

ஒரு கதிரையை இழுத்தேன். அப்போதுதான் இருந்தேன்.

நான் வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்த சொல் அது. ‘இறந்தவர்’ என்று எழுதினால் சேவியரை நானே கொன்றதாகும் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதரோ, கொல்லப்பட்ட ஒருத்தியை அதே சொல்லுக்குள் மறைத்து வைத்திருக்கிறார். அவர் மீது கோபம் வந்தது. என் மீதும் வந்தது. யார் மீது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“அந்த ரீச்சருக்குப் பிள்ளையள் இருந்தவையோ?” என்று கேட்டேன்.

“ஒரு மகள். அண்டைக்கு அவளையும் கையில பிடிச்சுக்கொண்டுதான் வந்தவ. ஏழெட்டு வயசிருக்கும்.”

“அந்தப் பிள்ளை இண்டைக்கும் தேடிக்கொண்டிருக்கும், சிஞ்ஞோரே.”

அவர் தண்ணீரை எடுத்தார். மாத்திரையை விழுங்கினார்.

இரண்டு கடிதங்கள்

அடுத்த கிழமைகளில் அந்த மேசையில் இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன.

முதலாவது என்னுடையது. விசா மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று என் வழக்கறிஞர் ஜூலியா சொன்னாள். அதற்கு என் வாக்குமூலம் வேண்டும். “முதல் கணவர் இறந்துவிட்டார் என்று ஒரே வரியில் எழுதுங்கள், வேறொன்றும் வேண்டாம்” என்று கண்டிப்பாகச் சொன்னாள். சந்தேகத்தைக் காட்டினால் வழக்கு தோற்றுவிடும் என்றாள்.

நான் எழுதியது வேறு. சேவியர் இறந்தாரா என்று எனக்குத் தெரியாது. தேடக்கூடிய இடமெல்லாம் தேடினேன். நாட்டின் சட்டம் ஒரு வழி தந்தது. எனக்கு அருளப்புவோடு வாழ ஆசை வந்ததால் அந்த வழியில் கையெழுத்துப் போட்டேன். இந்த நான்கு வசனங்களை எழுத ஐந்து நாள் பிடித்தது.

ஆல்டனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“யன்னலுக்கு உள்ளுக்கை இருந்த காலத்தில இப்பிடி ஒரு கடுதாசி வந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள்?”

கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். “இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன். எண்டாலும் குடுங்கோ. எல்லா யன்னலிலையும் நான் இல்லை.”

ஜூலியா தலையில் கை வைத்தாள். “உங்கள் வழக்கு, உங்கள் விருப்பம்” என்று சொல்லி, வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது கடிதம் அவருடையது. மரியேலாவின் மகளுக்கு. அவள் பெயர் இனேஸ் என்பதையும், காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு இன்னும் வேலை செய்கிறாள் என்பதையும் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் எழுதினேன். பாதிரியார் வந்ததிலிருந்து பதவி உயர்வு வரை எல்லாம் சொன்னார். ‘உங்கள் தாயார் கொல்லப்பட்டார்’ என்ற இடத்தில் நிறுத்தி, “அதைத் திருப்பி வாசியுங்கோ” என்றார். வாசித்தேன். “ஓம். அதுதான் நான் முதலில எழுதினது” என்றார்.

மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். “அவவுக்கு அது தேவைப்பட்டாக் கேப்பா” என்றார்.

பதில் வர ஒரு மாதமானது. நான்கே வரி. இந்த விஷயம் குடும்பத்துக்கு எப்போதோ தெரியும், எழுத்தில் தரத்தான் ஒருவரும் இல்லை என்றாள். வழக்கு இன்னும் முடியவில்லை. இதையே வழக்கறிஞர்கள் முன் சொல்லச் சம்மதமா என்று கேட்டிருந்தாள்.

கணினிக்கு முன்னால்

அருளப்புவின் வழக்கு அதற்குள் தீர்ந்துவிட்டது. பலேர்மோ நீதிமன்றத்தில் நீதிபதி அம்மா என் நான்கு வசனங்களையும் சத்தமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போலித் திருமணம் செய்கிறவர் இப்படி எழுதமாட்டார் என்றார். ஜூலியா என் முழங்கையைக் கிள்ளினாள். மாரி தொடங்குமுன் அருளப்பு வந்து சேர்ந்தார். வந்த கிழமையே ஆல்டன் வீட்டுக் குழாய்களைத் திருத்தினார்.

ஆல்டனின் வாக்குமூலம் காணொளி வழியாகப் பதிவானது. ஒரு பின்னேரம். சமையலறை மேசையில் கணினியை வைத்தோம். அவருக்குக் காது மந்தம் என்பதால், அவர்கள் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளைத் திருப்பிச் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் மூன்று வழக்கறிஞர்களும், ஓரத்தில் நரைத்த தலைமுடியோடு இனேஸும் இருந்தார்கள்.

சொல்லை மாற்றச் சொன்னவர் யார் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னார். உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள்.

“இல்லை. கேட்டார்கள். நான் செய்தேன்.”

ஒரு மணித்தியாலம் போனது. முடிந்ததும் இனேஸ் ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டாள். வழக்குக்கு வேண்டியது அல்ல என்றாள். அந்த வெள்ளிக்கிழமை தன் தாய் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டாள்.

நான் அவர் காதருகே குனிந்து திருப்பிச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பச்சைச் சட்டை,” என்றார். “கையில சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. வகுப்பிலயிருந்து நேரே வந்திருக்கிறா. கதைக்கேக்கை தூளைத் தட்டிக்கொண்டே இருந்தவ.”

இனேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுத் திரையிலிருந்து போனாள்.

அவரைப் படுக்கையில் சாய்த்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம், தன் கட்டிலிலேயே, அமைதியாகப் போனார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அவரை மன்னிக்கும் உரிமை என்னுடையது அல்ல. ஆனால் அந்தப் பின்னேரம் அவரது மேசையில் பக்கத்தில் இருந்தது நான்தான் என்பதில் எனக்கு வருத்தமில்லை.

வாக்குமூலம் பதிவான அன்று வீட்டுக்குப் போனதும் அருளப்பு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நடந்ததைச் சொன்னேன். பச்சைச் சட்டையையும் சொன்னேன். அவர் எதிரே இருந்து, கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேளாத ஒன்று இருந்தது.

“றெஜினா, சேவியர் எப்பிடியான ஆள்? கொஞ்சம் சொல்லன்.”

படிவங்களிலும் ஆணையங்களிலும் அவரது உயரம், மச்சம், அடையாள அட்டை எல்லாம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எப்படியான ஆள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

“மன்னாரில பிறந்தும் மீன் வாயில வைக்காத மனுசன்” என்று தொடங்கினேன். அருளப்பு நம்பமுடியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தேத்தண்ணி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.